ஐந்து ‘யு’ ஆன மர்மம்

போன இதழில் ஒரு வாசகர், “டேட்டாபேஸ் தானாகக் கெட்டுப்போகுமா?” என்று கேட்டிருந்தார். “தானாக எதுவும் கெடாது. யாரோ கெடுக்கிறார்கள். அந்த யாரோ மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை” என்று இரண்டு மூன்று வரியில் முடித்துவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பகுதியை முழுதாக அடைத்துக்கொண்டன. வேறு கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் பார்ப்போம்.

கேள்வி: மேடம், நான் ஒரு கிடங்கில் சரக்கு வரவு, இருப்பு எல்லாம் கம்ப்யூட்டரில் பதிவு செய்கிறேன். எட்டு மாதமாக ஒரு தொல்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு ரெக்கார்டு மாறிக் கிடக்கிறது. கையிருப்பு 12 என்று போட்டது 76 ஆகியிருந்தது. பொருள் குறியீடு 1050-இல் 5 இருந்த இடத்தில் ஆங்கிலச் சின்ன ‘யு’ உட்கார்ந்திருந்தது. ஒரு தேதியில் நடுவே இருந்த சிறு கோடு, சின்ன ‘எம்’ ஆகிவிட்டது. புரோகிராம் எழுதியவர், “டிஸ்க் நன்றாக இருக்கிறது, டேட்டாபேஸ் சோதனையும் பாஸ். நீங்கள்தான் தப்பாக டைப் செய்கிறீர்கள்” என்கிறார். ஒரு நாள் 76 என்று திரையில் பார்த்துவிட்டு மேலாளரைக் கூட்டி வந்தேன். அதற்குள் சர்வரை ரீஸ்டார்ட் செய்திருந்தார்கள். பார்த்தால் 12! எனக்குப் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். (பெயர் வேண்டாம்.)

பதில்: உங்களுக்குப் பைத்தியம் இல்லை. கையும் தவறவில்லை. இதை என்னால் கீபோர்டை வைத்தே சொல்ல முடியும். 5-ஐ அடிக்கப் போய் விரல் வழுக்கினால் 4 விழும், 6 விழும், கீழ் வரிசையில் ‘ஆர்’ அல்லது ‘டி’ விழும். ‘யு’ இருப்பது 7-க்கும் 8-க்கும் கீழே. சிறு கோடு மேல் வரிசையின் வலது கோடியில் இருக்கிறது, ‘எம்’ அடி வரிசையில். அவசரத்தில் 12 மாறினால் 21 ஆகும். 76 ஆக எந்த விரலும் ஒத்துழைக்காது.

சரி, இப்போது ஒரு பேப்பரை எடுங்கள். கம்ப்யூட்டருக்கு எழுத்து கிடையாது, எண்தான். 5 என்ற எழுத்தின் எண் 53. சின்ன ‘யு’வின் எண் 117. கழித்துப் பாருங்கள், 64. சிறு கோட்டின் எண் 45, சின்ன ‘எம்’ 109. கழித்தால் 64. கையிருப்பு எழுத்தாக இல்லாமல் எண்ணாகவே இருக்கும், அந்த 12, 76 ஆனது. அதிலும் 64!

உங்கள் கடிதத்தைப் படித்து இந்த மூன்றாவது கழித்தலுக்கு வந்தபோது நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். இதையே பிட்டுகளாக, அதாவது 0, 1 மட்டும் வைத்து, எழுதினால் இன்னும் பளிச்சென்று தெரியும்:

53 = 0110101, 117 = 1110101
45 = 0101101, 109 = 1101101
12 = 0001100, 76 = 1001100

மூன்று ஜோடியிலும் இடது ஓரத்தில் இருக்கும் ஒரே ஒரு பிட் 0-விலிருந்து 1 ஆகியிருக்கிறது. மற்ற ஆறும் அப்படியே. மூன்றிலும் கூடித்தான் இருக்கிறது, ஒன்றில்கூடக் குறையவில்லை. மனிதக் கை இப்படி ஒழுங்காகத் தப்பு செய்யாது. புரோகிராமில் இருக்கும் பிழையும் பெரும்பாலும் இப்படி இருக்காது. அது முழு வார்த்தையைத் தின்னும், பழைய மதிப்பைத் திருப்பி வைக்கும், ஒரு ரெக்கார்டின் வாலை இன்னொன்றில் ஒட்டும். ஒரே பிட், ஒரே திசை என்றால் என் சந்தேகம் சர்வரின் ரேம் மேல்தான். நினைவகச் சில்லில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டம். உங்கள் சர்வரில் ஏதோ ஒரு அறை 1 என்ற நிலையிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. அங்கே என்ன எழுதினாலும் படிக்கும்போது 1 என்றுதான் வரும். ஏற்கெனவே 1 இருக்க வேண்டிய எழுத்து வந்தால் ஒரு பாதிப்பும் தெரியாது. ஆங்கிலச் சின்ன எழுத்துகள் எல்லாவற்றிலும் அந்த பிட் 1-தான். அதனால்தான் பெயர்கள் தப்பிப் பிழைத்து, எண்களும் கோடுகளும் மாட்டிக்கொண்டன.

“ரீஸ்டார்ட் செய்ததும் 12 ஆகிவிட்டது” என்றீர்களே, மேலாளர் நம்பாத அந்தச் சம்பவம்தான் உங்கள் தரப்பின் முதல் சாட்சி. டேட்டாபேஸ் டிஸ்க்கிலிருந்து ஒவ்வொரு ரெக்கார்டாகப் படிப்பதில்லை, ஒரு பக்கத்தை முழுதாக ரேமுக்குக் கொண்டுவரும். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஒரு பக்கம் வழக்கமாக 8 கிலோபைட், மை எஸ்கியூஎல் என்ற இன்னொன்றின் இன்னோடிபி சேமிப்பு முறையில் 16. அன்றைக்கு டிஸ்க்கில் 12 சரியாகவே இருந்தது. ரேமில் பழுதான அறை மேல் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததால் 76 என்று தெரிந்தது. பக்கத்தில் யாரும் எதையும் மாற்றாததால் அதைத் திரும்ப டிஸ்க்கில் எழுத வேண்டிய அவசியமில்லை. ரீஸ்டார்ட்டில் ரேம் துடைக்கப்பட்டது, 12 மறுபடி எழுந்து வந்தது. வேறொரு நாள் அதே பக்கத்தில் நீங்கள் பக்கத்து ரெக்கார்டைத் திருத்தியிருப்பீர்கள். அப்போது முழுப் பக்கமும், தப்பான எண்ணையும் சேர்த்து, டிஸ்க்குக்குப் போயிருக்கும். அவைதான் நிரந்தரமாகிவிட்டவை.

டேட்டாபேஸ் சோதனை ஏன் பாஸ் ஆனது என்றால், ஒவ்வொரு பக்கத்துக்கும் செக்சம் என்று ஒரு கூட்டுக்கணக்கு உண்டு. அதைப் போடுவது பக்கம் ரேமைவிட்டு டிஸ்க்குக்குக் கிளம்பும் நேரத்தில். அதற்கு முன்பே எண் மாறிவிட்டால், தப்பான கடிதத்தை உறையில் போட்டு ஒழுங்காக அரக்கு முத்திரை வைத்த மாதிரி. முத்திரையைச் சோதிப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஆக, உங்கள் புரோகிராமர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த இடம் வேறு, திருட்டு நடந்த இடம் வேறு.

இப்படி ஒரு பிட் ஊருக்கே தெரிந்த சம்பவமும் உண்டு. 2003 மே மாதம் பெல்ஜியம் தேர்தலில், ஸ்கார்பேக் என்ற இடத்தில் மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்குச் சாத்தியமே இல்லாத அளவு வாக்கு காட்டியது. மறுபடி எண்ணினால் வித்தியாசம் சரியாக 4096. இரண்டை 12 தடவை பெருக்கினால் வரும் எண். புரோகிராமைத் தேடித் தேடிப் பார்த்தும் பிழை அகப்படவில்லை. ஒரு பிட் தானே புரண்டிருக்க வேண்டும் என்பதுதான் கடைசியில் மிஞ்சிய விளக்கம். அதற்குப் பிறகு எங்கே வித்தியாசம் வந்தாலும் முதலில் கழித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் போகும் வரிசையில் ஒரு எண் திரும்பத் திரும்ப வந்தால் உடனே நிமிர்ந்து உட்காருவேன்.

இனி செய்ய வேண்டியது. முதலில் அந்த சர்வரில் பதிவு செய்வதை நிறுத்தச் சொல்லுங்கள். “நாளைக்குப் பார்க்கலாம்” என்றால் நாளைக்கு இன்னும் நாலு எண் மாறும். இரண்டாவது விஷயத்தைப் பலர் தவறவிடுகிறார்கள்: பேக்கப் எடுக்கிறேன் என்று அதே மெஷினில் காப்பி போடாதீர்கள். காப்பி ஆகும் ஒவ்வொரு பைட்டும் அதே பழுதான ரேம் வழியாகத்தான் போகும். டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி, அங்கே காப்பி எடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மெம்டெஸ்ட் என்ற சோதனையை ஓடவிடுங்கள். பத்து நிமிடம் போதாது, ஒரு ராத்திரி முழுக்க ஓட வேண்டும். சிவப்பு வரி வந்தால் வழக்கு முடிந்தது. வராவிட்டாலும் ரேம் நிரபராதி என்று விட்டுவிடாதீர்கள். சில அறைகள் சூடானால்தான் தப்பு செய்யும். ரேம் குச்சிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். அடுத்த சர்வர் வாங்கும்போது ஈசிசி ரேம் இருக்கிறதா என்று கேளுங்கள். அது ஒற்றை பிட் தப்பைத் தானே திருத்தி, லாகில் குறிப்பும் எழுதி வைக்கும்.

கெட்ட ரெக்கார்டுகளைத் தேட எட்டு மாதத்துக்கு முந்தைய பேக்கப்பை எடுத்து, அதற்குப் பின் யாரும் தொடாத ரெக்கார்டுகளை மட்டும் ஒப்பிடுங்கள். யாரும் தொடாததில் 64 கூடியிருந்தால் அது நம் ஆள். தொட்டவற்றுக்கு ரசீதுகளை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான், வேறு வழியில்லை.

ஒரு பழைய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் டேட்டா பதிவு செய்யும் ஒருவரிடம் “கவனமாக டைப் செய்யுங்கள்” என்று நாலு பேர் முன்னால் சொன்னவள்தான். ரேம் மாற்றியதும் தப்பு நின்றது. மன்னிப்புக் கேட்கப் போனால், அவரை வேறு பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். தேடிப் போய்க் கேட்டேன். “இப்போ சொல்லி என்னம்மா” என்றார். அதனால் மூன்று வரி பிட் கணக்கை அப்படியே பெரிதாக எழுதி உங்கள் புரோகிராமர் மேஜையில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் உறுப்பினர் பட்டியலில் ‘கொற்றவை’ என்று தேடினால் வரவில்லை. பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனால் பெயர் கண்ணெதிரே இருக்கிறது! இன்டெக்ஸ் (தேடுவதற்கான வரிசைப் பட்டியல்) கரப்ட் ஆகிவிட்டது என்று மூன்று தடவை ரீஇன்டெக்ஸ் செய்துவிட்டேன். பலன் இல்லை.

பதில்: முப்பது தடவை செய்தாலும் இருக்காது. இன்டெக்ஸ் நன்றாகவே இருக்கிறது. தப்பு ‘கொ’வில்.

எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். ‘க’வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே எழுத்தாக வைப்பது ஒன்று. ‘க’, பிறகு ஒற்றைக் கொம்பு, பிறகு கால் என்று மூன்று துண்டாக வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான், பூதக்கண்ணாடி வைத்தாலும் வேறுபாடு தெரியாது. ஆனால் யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இங்கே ஒவ்வொரு துண்டுக்கும் 3 பைட். முதல் ‘கொ’ 6 பைட், இரண்டாவது ‘கொ’ 9 பைட். பைட்டை பைட்டோடு ஒப்பிடும் டேட்டாபேஸுக்கு இவை இரண்டு வேறு வேறு ஆட்கள். பெயர் இரட்டிக்கக் கூடாது என்று யுனீக் கட்டுப்பாடு வைத்திருந்தாலும் இரண்டையும் கும்பிட்டு உள்ளே விட்டுவிடும். பைட் நீளத்தைச் சொல்லும் ஃபங்ஷனை அந்த இரண்டு பெயர் மேலும் ஓட்டிப் பாருங்கள், மூன்று பைட் வித்தியாசம் காட்டும். எல்லோரும் ஒரே கீபோர்டைப் பயன்படுத்துவதில்லை, பழைய எழுத்துரு மாற்றிகளிலிருந்து வந்த பட்டியல்களும் உண்டு. அப்படித்தான் இது நுழையும்.

உள்ளே வரும் எல்லாவற்றையும் துண்டுகளைச் சேர்த்து ஒரே விதமாக எழுதும் என்எஃப்சி என்ற வடிவத்துக்கு மாற்றிய பிறகே சேமியுங்கள். ஏற்கெனவே இருப்பதையும் ஒரு முறை மாற்றுங்கள். மூன்று துண்டு ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ எல்லாம் ஒழுங்காகிவிடும். ஆனால் அதோடு தீர்ந்தது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். ‘ஸ்ரீ’ இருக்கிறதே, அதை ‘ஸ’வில் ஆரம்பித்தும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வில் ஆரம்பித்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். என்எஃப்சி இதைத் தொடாது, ஏனென்றால் அதன் கணக்கில் அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து அடித்தவர்களையும் அது திருத்தாது. இவற்றுக்கு நீங்களே ஒரு மாற்றுப் பட்டியல் எழுதிக்கொள்ள வேண்டும். தமிழில் பெயர்ப் பட்டியல் வைத்திருக்கும் எவருக்கும் இந்த வேலை தப்பாது. ஆரம்பத்திலேயே செய்தால் அரை நாள், பத்து வருடம் கழித்துச் செய்தால் அரை வருடம்.

கேள்வி: புது சர்வருக்கு மாற்றியதும் தமிழ் முழுக்கப் போய்விட்டது. சில டேபிள்களில் வெறும் கேள்விக்குறி. சில டேபிள்களில் தலையில் கோடு போட்ட சின்ன ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’, இப்படியே வரிவரியாக. மீட்க முடியுமா?

பதில்: கோடு போட்ட ‘ஏ’ வந்த டேபிள்களுக்கு நல்ல செய்தி. தமிழ் எழுத்துகள் எல்லாமே யூடிஎஃப்-8இல் ஒரே பைட்டில் தொடங்கும். அதை லத்தீன் எழுத்து என்று தப்பாக எண்ணிப் படித்தால் அந்த ‘ஏ’தான் தெரியும். அடுத்த பைட், பெரும்பாலும் வட்டத்துக்குள் ‘ஆர்’. அதாவது பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, படிப்பவர்தான் வேறு மொழி என்று நினைத்துப் படிக்கிறார். இணைப்பின் எழுத்துக்குறி அமைப்பைத் திருத்தினால் போதுமா, இல்லை தப்பாகப் படித்ததையே மறுபடி யூடிஎஃப்-8 ஆக்கிச் சேமித்துவிட்டதா என்று ஒரு காப்பியில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வழி உண்டு.

கேள்விக்குறி வந்தவை போனவைதான். “இந்த எழுத்து எனக்குத் தெரியாது” என்று மாற்றும்போதே டேட்டாபேஸ் நிஜமாகவே கேள்விக்குறியை எழுதிவிட்டது. பழைய சர்வரை இன்னும் துடைக்கவில்லை என்றால் இப்போதே போய் அதன் மேல் “தொடாதே” என்று ஒட்டிவிட்டு வாருங்கள்.

கேள்வி: போஸ்ட்கிரஸ் ஐந்து வருடமாகச் சிக்கல் இல்லாமல் ஓடியது. போஸ்ட்கிரஸை மாற்றவே இல்லை, லினக்ஸை மட்டும் புது பதிப்புக்கு மாற்றினோம். இரண்டு வாரம் கழித்து யுனீக் என்று வைத்த மின்னஞ்சல் பத்தியில் ஒரே முகவரி இரண்டு தடவை இருக்கிறது. இது எப்படி முடியும்?

பதில்: முடியும். நீங்கள் அகராதியை மாற்றவில்லை, அகர வரிசையை மாற்றிவிட்டீர்கள்.

இன்டெக்ஸ் என்பது வரிசைப்படுத்தி வைத்த பட்டியல். எது முன், எது பின் என்று போஸ்ட்கிரஸ் தானாக முடிவு செய்வதில்லை. வழக்கமான அமைப்பில் லினக்ஸின் அடிப்படை நிரல் தொகுப்பான ஜிலிப்சியைக் கேட்டுத்தான் வைக்கும். 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28 அந்த வரிசை விதிகளைப் பெரிய அளவில் மாற்றிவிட்டது. ஆய்த எழுத்தை உயிர் எழுத்துகளுக்குப் பின் வைத்து அடுக்கிய அகராதியை, ஆய்தம் கடைசியில்தான் வரும் என்று நம்புகிறவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? வார்த்தை இருக்கும், அவர் தேடும் பக்கத்தில் இருக்காது. “இல்லை” என்பார். போஸ்ட்கிரஸும் அப்படித்தான் “இந்த முகவரி இல்லை” என்று நம்பி இன்னொன்றைச் சேர்த்துவிட்டது.

சோதிக்க எளிய வழி: ஒரு ஃபைலில் 1-1 என்று ஒரு வரி, 11 என்று ஒரு வரி எழுதி, அமெரிக்க ஆங்கில யூடிஎஃப்-8 லொகேலில் (மொழி அமைப்பில்) வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளை கொடுங்கள். பழைய லினக்ஸில் 11 முதலில் வரும், புதியதில் 1-1 முதலில் வரும். இரண்டு மெஷினிலும் செய்து பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

இரட்டை முகவரிகளைக் கண்டுபிடிக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. சாதாரணமாகக் கேள்வி கேட்டால் போஸ்ட்கிரஸ் அதே கெட்ட இன்டெக்ஸ் வழியாகப் போய்ப் பதில் சொல்லக்கூடும். பொய் சாட்சியிடமே விசாரிப்பது போல. இன்டெக்ஸ் ஸ்கேன் வகைகளை அந்த செஷனில் அணைத்துவிட்டு, முழு டேபிளையும் படிக்கவைத்துத் தேடுங்கள். இரட்டைகளைத் தீர்த்த பிறகே ரீஇன்டெக்ஸ். முந்திக்கொண்டு செய்தால் “இரட்டை இருக்கிறது” என்று பாதியில் நின்றுவிடும். எந்த இன்டெக்ஸ் கெட்டது என்று தெரிய அம்செக் என்ற கருவி கூடவே வருகிறது. அப்புறம், பழைய லினக்ஸில் பிரதி சர்வர் ஒன்று ஓடுகிறதா? அப்படியென்றால் இங்கே சரிசெய்ததும் அங்கே கெடும். இரண்டையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

கேள்வி: நான் ஒரு சின்ன ஆண்ட்ராய்டு செயலி எழுதியிருக்கிறேன். உள்ளே எஸ்கியூலைட் டேட்டாபேஸ். ‘பேக்கப்’ பட்டனை அழுத்தினால் டேட்டாபேஸ் ஃபைலைத் திறந்து, படித்து, காப்பி எடுத்து மூடும். நூறில் ஒருவர் “டேட்டாபேஸ் உருக்குலைந்துவிட்டது” என்ற பிழைச் செய்தியை அனுப்புகிறார். பேக்கப் எடுத்தவர்களுக்குத்தான் இது வருகிறது என்பது வேடிக்கை.

பதில்: வேடிக்கை இல்லை தம்பி, வாக்குமூலம். பட்டன்தான் குற்றவாளி.

ஒன்று: எழுதிக்கொண்டிருக்கும்போது ஃபைலைக் காப்பி எடுத்தால் பாதிப் பழசு, பாதிப் புதுசாகக் காப்பி வரும். மாற்றங்களை முதலில் தனியாகக் குறித்துவைக்கும் ‘வால்’ (WAL) முறையில் ஓடினால் புது மாற்றங்கள் பக்கத்தில் ‘வால்’ என்று முடியும் தனி ஃபைலில் இருக்கும். நீங்கள் தலையை மட்டும் காப்பி எடுத்து வாலை விட்டுவிடுகிறீர்கள். (தமிழில் சொன்னால் இவ்வளவு பொருத்தமாக வரும் என்று அந்தப் பெயர் வைத்தவர் நினைத்திருக்க மாட்டார்.)

இரண்டாவது இன்னும் மோசம், அது அசலையே கெடுக்கும். லினக்ஸ் வகை சிஸ்டங்களில் ஃபைல் பூட்டுக்கு ஒரு விநோத விதி: ஒரே புரோகிராம் ஒரு ஃபைலை இரண்டு இடத்தில் திறந்து, அதில் ஒன்றை மூடினாலும் அந்த ஃபைல் மேல் அது போட்ட எல்லாப் பூட்டும் கழன்றுவிடும். எஸ்கியூலைட் பூட்டிவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறது. உங்கள் பேக்கப் வேலை முடிந்து ஃபைலை மூடுகிறது. பூட்டு போயிற்று, எஸ்கியூலைட்டுக்கு அது தெரியாது. அந்த நேரம் பின்னணியில் இன்னொரு புராசஸ் எழுத வந்தால் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் கிறுக்குவார்கள். டேட்டாபேஸ் ஃபைலை எஸ்கியூலைட் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது. அதன் பேக்கப் வசதியையோ, ‘வேக்யூம் இன்டு’ கட்டளையையோ பயன்படுத்துங்கள்.

வெட்கப்பட வேண்டாம். எஸ்கியூலைட் எழுதியவர்களே 2013 ஆகஸ்ட் 30 அன்று மாட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய ஃபாசில் மென்பொருளின் மூலக் களஞ்சியம் கெட்டது. திறக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் சிஸ்டம் ஒரு வாசல் எண் தரும். பிழைச் செய்தி போக வேண்டிய 2-ஆம் எண் வாசல் மூடியிருந்ததால், அடுத்துத் திறந்த டேட்டாபேஸ் ஃபைலுக்கு அந்த எண் கிடைத்தது. பிறகு ஒரு பிழைச் செய்தி வழக்கம்போல 2-ஆம் வாசலுக்குப் போய், நேராக டேட்டாபேஸ் நடுவில் எழுதப்பட்டது. அதற்குப் பிறகு வந்த பதிப்புகள் அந்தச் சிறிய எண்களை டேட்டாபேஸுக்கு வாங்குவதே இல்லை. கெட்ட ஃபைலைத் திறந்து நடுவில் என்ன கிடக்கிறது என்று கண்ணால் பாருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். பூஜ்யமாகக் கிடந்தால் ஒரு கதை, லாக் வரி கிடந்தால் வேறு கதை.

கேள்வி: மை எஸ்கியூஎல் கிளம்ப மறுத்தது. ஒரு வீடியோவில் சொன்னபடி ‘ஃபோர்ஸ் ரெக்கவரி’யை 6 என்று வைத்தேன். கிளம்பியது, ஆனால் இப்போது முன்பைவிட மோசம்.

பதில்: 6 என்பது அந்த அமைப்பின் கடைசிப் படி. 1-இல் ஆரம்பித்து, கிளம்பாவிட்டால் மட்டும் ஒவ்வொன்றாக ஏற வேண்டும். 4-உம் அதற்கு மேலும் டேட்டா ஃபைல்களை நிரந்தரமாகக் கெடுக்கலாம் என்று கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அது பழுது பார்க்கும் கருவி அல்ல. எரிகிற வீட்டில் சாமானை வெளியே எடுக்க உடைக்கும் ஜன்னல். கிளம்பியதும் டம்ப் எடுத்து (டேட்டாவை ஒரு தனி ஃபைலில் வெளியே எழுதி), புதிய டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். 6 வைப்பதற்கு முன் ஃபைல்களைக் காப்பி எடுத்து வைத்திருந்தால் அதிலிருந்து மறுபடி 1-இல் தொடங்குங்கள். எடுக்கவில்லை என்றால், கிளம்பிய இந்த நிலையிலேயே ஒவ்வொரு டேபிளாகத் தனித்தனியே டம்ப் எடுங்கள். ஒரு டேபிள் விழுந்தால் அடுத்ததற்குப் போங்கள். மொத்தமாக எடுக்கப் போனால் முதல் கெட்ட பக்கத்திலேயே எல்லாம் நின்றுவிடும்.

கேள்வி: தினமும் பேக்கப் எடுக்கிறோம், ஏழு நாள் வைத்துக்கொள்கிறோம். போதாதா?

பதில்: முதல் கடிதம் எழுதியவர் எட்டு மாதம் கழித்து எழுதியிருக்கிறார். ஏழு நாள் பேக்கப்பில் ஏழும் கெட்ட காப்பியாகத்தான் இருந்திருக்கும். மாதத்துக்கு ஒன்றாவது தனியாக எடுத்து வையுங்கள். அதைவிட முக்கியம், மாதம் ஒரு முறை வேறு மெஷினில் ஏற்றிப் பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, தினசரி டம்ப் பேக்கப் பக்கம் போனார்கள். அங்கே ஒன்றுமே இல்லை. போஸ்ட்கிரஸ் 9.6 டேட்டாபேஸுக்கு 9.2 பதிப்பு டம்ப் கருவி ஓடி, தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஒரு பொறியாளர் ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது.

கேள்வி: போன மாதம் நீங்கள் சொன்னபடி டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில், கேபிள் வழியில் வரும் பிழைகளை எண்ணும் 199-ஆம் எண் வரியைப் பார்த்தேன். எண் ஏறிக்கொண்டே இருந்தது. டிஸ்க் கேபிளை மாற்றினேன், ஏறுவது நின்றுவிட்டது. நன்றி மேடம். பழைய கேபிளை என்ன செய்வது?

பதில்: கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிப் போடுங்கள். முழுசாகக் குப்பையில் போட்டால் யாராவது எடுத்து, “நல்லாத்தானே இருக்கு” என்று டிராயரில் வைப்பார்கள். அடுத்த வருடம் அது வேறொரு சர்வரில் மாட்டப்படும். எங்கள் அலுவலகத்தில் அந்த ‘யாராவது’ நான்தான்.